பத்து விநாடிக்குள் வராதவர்

திருமுடிவாக்கம் பட்டறையில் அவருடன் வேலை பார்த்த குமார்தான் போன் செய்தார். காலை பதினொரு மணி இருக்கும், மீன் கழுவிக்கொண்டிருந்தேன். "அக்கா, அண்ணன் டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு. சீக்கிரம் வாங்கக்கா" என்றார். ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எங்கேயும் நேரத்துக்கு வராத என் கணவர் ஞானதாஸ் இதற்கு மட்டும் அவசரப்பட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களுக்கெல்லாம் அவருடைய கேமராவைத் தெரியும். கிறிஸ்துமஸோ பிறந்தநாளோ, எல்லோரையும் சுவரோரம் நிறுத்துவார். கேமராவை ஸ்டூல் மேல் வைத்து, பத்து விநாடியில் தானாகப் படமெடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடி வருவார். ஒருமுறைகூட ஒழுங்காக வந்து நின்றதில்லை. ஒரு படத்தில் முதுகு, ஒன்றில் காதும் தோளும், இன்னொன்றில் வேட்டி மட்டும். "ஒரு படத்துலயாவது மூஞ்சியக் காட்டுங்களேன்" என்று திட்டுவேன். "நீங்க எல்லாரும் வுழுந்துட்டீங்க இல்ல, அது போதும்" என்பார்.

அடக்கத்துக்குப் படம் தேடியபோதுதான் வீட்டில் அவர் முகமே இல்லை என்று தெரிந்தது. கல்யாணப் படத்தில் இருந்தவர் மீசை முளைத்த பையன். குமார் பட்டறை அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். அதில் முறைத்துக்கொண்டிருந்தார். "இது யாரோ ஆபீசரும்மா, அப்பா இல்ல" என்று அழுதாள் மகள் ஷீலா. கடைசியில், கலங்கலாக, பக்கவாட்டில் சிரித்துக்கொண்டு ஓடும் ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்தோம். பாஸ்டர் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஜெபத்தைத் தொடங்கினார். அழ வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துச் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். "அப்பா மாதிரி யாராவது ஓடி வந்து படத்தைக் கெடுக்கணும், இனிமே வருஷா வருஷம்" என்றான் மகன் டேவிட். சீட்டுக் குலுக்கினோம். என் பெயர் வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுக் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தேன். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள், என் தங்கை என அத்தனை பேரும் என்னையே பார்த்து, "ஓடி வா, ஓடி வா" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நான் இல்லாமலே படம் விழுந்துவிட்டது.

"அப்பாவாவது வேட்டியக் காட்டுவாரு, நீ அதுவும் இல்ல" என்று டேவிட் கேலி செய்தான். நான் சமையலறைக்குப் போய் அழுதேன். அவரால் ஓட முடியாமல் இல்லை. அவரும் இப்படித்தான் திரையில் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். முப்பது வருஷமாக இது தெரியாமல் திட்டியிருக்கிறேன்.

போன வாரம் அவர் போய் ஓராண்டு நிறைந்தது. ஷீலா ஷார்ஜாவில், டேவிட் பெங்களூரில். "லீவு கிடைக்கலம்மா" என்று இருவருமே போனில் வருத்தப்பட்டார்கள். ஜெபத்துக்கு வந்தவர்கள் போன பிறகு, வழக்கத்தை விடக்கூடாது என்று ஸ்டூலைப் போட்டேன். திரையில் வெறும் சுவர். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் நிதானமாக நடந்துபோய் நடுவில் நின்றேன். படம் தெளிவாக விழுந்திருக்கிறது, நான் மட்டும்.

பிறகு பழைய ஆல்பங்களை எடுத்துப் புரட்டினேன். எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் ஒரு படத்தில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து ஏதோ திட்டியபடி, ஓடிவரும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்! அவர் முகம் என்னிடம் இல்லை. அவரைப் பார்த்த என் முகம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.