சிலாஸின் மரங்கள் இன்னும் நிற்கின்றன

என் மச்சான் சிலாஸைப் போல நன்றி சொல்லித் தீர்க்கிற மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வலையில் மீன் விழுந்தால் மீனுக்கு நன்றி, விழாவிட்டால் காற்று அடிக்காததற்கு நன்றி. விடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான். "மோஸ்டின், நேத்து நீ குடுத்த பாக்கு நல்லா இருந்துச்சுடா" என்பான். ஒரு பாக்குக்கு இவ்வளவா என்று எனக்கு எரிச்சலாக வரும். "பாக்கு மரத்துகிட்ட போய் சொல்லு, என்னைத் தூங்க விடு" என்று கத்துவேன். அவன் சிரித்துக்கொண்டே உண்மையாகவே பாக்கு மரத்துப் பக்கம் போவான்.

அவன் பிறவியிலேயே அப்படியில்லை. உலகச் சண்டை வருவதற்கு முன் அவனும் எங்களைப் போல முணுமுணுக்கிற ஆள்தான். பக்கத்துத் தீவான துலாகியில் வெள்ளைக்காரர்களின் மோட்டார் படகில் வேலை. பவளப்பாறை எங்கே இருக்கிறது, அலை எங்கே புரளும் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை மாதிரி. என் தங்கை பிரிஸ்காவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான வூராலேயிலேயே வீடு போட்டிருந்தான்.

எங்கள் ஊருக்குள் படகு வர ஒரே ஒரு வாய்தான் உண்டு. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு படகு போகிற அளவுக்கு இடைவெளி. அந்த இடைவெளியைக் கடலிலிருந்து கண்டுபிடிக்க இரண்டு தென்னைகள் இருந்தன. ஒன்று கரை முனையில், இன்னொன்று அதற்குப் பின்னால் மேட்டில். சிலாஸின் அப்பா நட்டவை. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாய் ஒரே மரமாகத் தெரிகிற இடத்தில் துடுப்பை நேராகப் போட்டால் நேராக வந்துவிடலாம். கொஞ்சம் விலகினால் பாறை படகைக் கிழித்துவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் இதைப் பற்றிப் பேசுவதுமில்லை.

1942 ஆகஸ்டில் அமெரிக்கக் கப்பல்கள் துலாகிக்கு வந்தன. ஜப்பான்காரர்கள் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் எங்கள் தலைக்கு மேல் அடித்துக்கொண்டார்கள். நாங்கள் குழந்தைகளையும் சேப்பங்கிழங்கையும் தூக்கிக்கொண்டு மலைக்காட்டுக்குள் போனோம். பகலில் அடுப்பு மூட்ட முடியாது, புகையைப் பார்த்து விமானம் வரும். பிறகு அமெரிக்கர்கள் எதிர்த்தீவான குவாடல்கனாலில் கப்பலில் இருந்து சாமான் இறக்க ஆள் கேட்டார்கள். நானும் சிலாஸும் போனோம். எனக்கு மூட்டை தூக்கும் வேலை, அவனுக்கு ஒரு சின்னப் படகில் குவாடல்கனாலுக்கும் துலாகிக்கும் நடுவே ஓடும் வேலை.

அந்த நீரிணையில் அந்தப் பருவத்தில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டேயிருந்தன. காலையில் கடற்கரைக்குப் போனால் மணலெல்லாம் எண்ணெய். ஒருநாள் மத்தியானம் விமானங்கள் வந்தன. நான் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தேன். சிலாஸின் படகு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. சாயங்காலம் வரை தேடினோம். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

செய்தியை நான்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன். பிரிஸ்கா ஒரு மரவேரில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சொன்னதும் சீவுவதை நிறுத்தவில்லை.

"அண்ணே, உடம்பப் பாத்தியா?"

"படகையே காணோம்."

"நான் படகக் கேக்கல. அவரு உடம்பப் பாத்தியா?"

"தண்ணியப் பாத்தேன், பிரிஸ்கா. தண்ணிதான் இருந்துச்சு."

"அப்ப தண்ணி செத்துப்போச்சுன்னு வந்து சொல்லு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். ஒருவன் செத்தால் அவன் மரங்களை வெட்டிவிடுவார்கள். அவன் சாப்பிட்ட மரத்தில் இனி யாரும் சாப்பிடக்கூடாது, அதுதான் அவனுக்கு நாம் காட்டுகிற துக்கம். வெட்டுகிற உரிமை தாய்மாமனுக்கு. சிலாஸின் தாய்மாமன் டட்லி, எங்கள் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். நல்ல மனிதர், அழுதுகொண்டேதான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கினார். குண்டு விழுந்து எங்கள் கரைத் தென்னைகளில் பாதி ஏற்கெனவே தலையில்லாமல் நின்றன. மீதியில் சிலாஸின் மரங்களை ஒவ்வொன்றாக வெட்டினார். முனைத் தென்னையிடம் வந்தபோது பிரிஸ்கா அங்கே நின்றாள்.

"மாமா, இத ரெண்டையும் வெட்டாதீங்க."

"தள்ளு புள்ள. எனக்கு மட்டும் ஆசையா?"

"நான் ஒரு காய் கூட எடுக்க மாட்டேன். கடல்ல இருந்து வர்றவங்களுக்கு வழி வேணும்."

"செத்தவனுக்கு எதுக்கு வழி?"

"செத்தவருக்கு வழி வேண்டாம்னா மரம் நின்னா அவருக்கு என்ன நஷ்டம்? சாகலேன்னா? நீங்க வெட்டுற மரம் அவரு தலையில விழும்."

டட்லி மாமா கொஞ்சம் தயங்கினார். ஆனால் சுற்றிலும் உறவுக்காரர்கள் நின்றார்கள். துக்கத்தைப் பாதியில் விட்டால் செத்தவன் ஆவி ஊரைச் சுற்றும் என்று ஒரு கிழவர் இருமிக்கொண்டே சொன்னார். மாமா கோடாலியை ஓங்கினார்.

அப்போது என் தங்கை செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. மரத்தில் ஏறினாள். எங்கள் ஊரில் பெண்கள் தென்னையில் ஏறுவதில்லை. குரங்கு மாதிரி ஏறி, ஆள் உயரத்துக்கு மேலே போய், இடுப்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியில் பாதியைக் கிழித்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். இறங்கி வந்து மேட்டு மரத்திலும் ஏறி மீதியைக் கட்டினாள். உள்ளே போட்டிருந்த பாவாடையோடு கீழே குதித்து நின்றாள்.

ஒரு பெண்ணின் இடுப்புத் துணி தொங்குகிற இடத்துக்குக் கீழே எங்கள் ஆண்கள் யாரும் நிற்க மாட்டார்கள். தலைக்கு மேல் அது இருந்தால் ஆண்பிள்ளைக்குப் பெரிய அவமானம், நோய் வரும், வலை வெறுமையாகும். கூட்டம் நண்டுக் கூட்டம் போலப் பின்னால் விலகியது. டட்லி மாமா வெள்ளைக்காரனின் ஜெபமெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர்தான். அவரும் விலகினார்.

"வேதத்துல இது பத்தி ஒண்ணும் சொல்லலியே மாமா" என்றேன் நான், வாயை அடக்க முடியாமல்.

"வேதம் எழுதினவன் எங்க ஊரு பொண்ணுகளப் பாத்ததில்ல" என்றார் அவர். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டார்.

ஊர் அவளை மன்னிக்கவில்லை. அவளுக்குத் தனியாகக் கிழங்கு, தனியாகத் தண்ணீர். அவள் கவலைப்படவில்லை, மரங்கள் நிற்கின்றன என்பதே அவளுக்குப் போதும் போலிருந்தது. நான்தான் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்தேன். மரம் நிற்பதால் செத்தவன் வரப்போகிறானா என்று.

பல வாரம் கழித்து ஒரு விடியற்காலை, நானும் டட்லி மாமாவும் கரையில் கணவாய் பிடிக்க இறங்கியிருந்தோம். மழைப் புகை கடலை மூடியிருந்தது. அலை பாறையில் விழுந்து நுரைத்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு ஓடம், நேராக, நூல் பிடித்த மாதிரி வாயை நோக்கி வந்தது. பாறை இரண்டு பக்கமும் நுரை கக்க, நடுவில் வழுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தது. துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்தவன் சிலாஸ்.

டட்லி மாமா முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபடி கத்தினார். "சிலாஸ்! நீ செத்தவனா இருந்தா அங்கயே நில்லு!"

"மாமா, பசிக்குது" என்றான் அவன்.

"செத்தவங்களுக்கும் பசிக்கும்டா!"

"அப்ப செத்தவன்னே வெச்சுக்கிட்டு ஒரு கிழங்காவது குடுங்க."

மாமா விழுந்தடித்துக்கொண்டு ஓடி ஓடத்தைப் பிடித்தார். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது, அதில் காலில் கட்டுப்போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன் காய்ச்சலில் கிடந்தான். ரே என்று பெயராம், சிலாஸின் படகில் இருந்த அமெரிக்கச் சிப்பாய். இருவரும் ஒரே பலகையைப் பிடித்து மிதந்து சாவோ தீவில் ஒதுங்கியிருக்கிறார்கள். சாவோக்காரர்கள் அவர்களை மறைத்து வைத்து, சூட்டு மணலில் பறவை புதைத்த முட்டைகளைத் தோண்டிக் கொடுத்திருக்கிறார்கள். கடலில் எந்த ஓடத்தைப் பார்த்தாலும் யாராவது சுடுகிற காலம், ரேயின் காலில் புண் வேறு, அதனால் பல வாரம் நகர முடியவில்லை. கடைசியில் சாவோக்காரர்கள் கொடுத்த ஓடத்தில் இருட்டில் கிளம்பியிருக்கிறார்கள்.

"கரையே அடையாளம் தெரியல மாமா" என்றான் சிலாஸ். "எங்க மரமெல்லாம் காணோம். வேற ஊரோன்னு திரும்பிப் போகப் பாத்தேன். ஓடத்துல தண்ணி ஏறிக்கிட்டே இருந்துச்சு. அப்ப செவப்பா ரெண்டு புள்ளி தெரிஞ்சுது, ரெண்டும் ஒண்ணா சேர்ற இடத்துல துடுப்பப் போட்டேன். அது என்ன மாமா செவப்பா?"

நான் சொன்னேன். "உன் பொண்டாட்டி துணி."

சிலாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் வீட்டுப் பாதை முனைத் தென்னைக்குக் கீழேதான் போகிறது. "அப்ப நான் எப்படி உள்ள வர்றது?" என்றான்.

அவ்வளவு தூரம் சாவையெல்லாம் தாண்டி வந்தவன், மனைவியின் துணிக்குக் கீழே நடக்கத் தயங்கிக் கடற்கரையில் நின்றான். பிரிஸ்காவைக் கூப்பிட நான் மலைக்கு ஓடினேன். அவள் வந்தாள். மரத்தில் ஏறித் துணியை அவிழ்த்தாள். கீழே வந்து அதே துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள். அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.

டட்லி மாமா ரேயைத் தன் முதுகில் கட்டி மலையைத் தாண்டி, பிறகு ஓடத்தில் துலாகி வரை கொண்டுபோய் அவனுடைய ஆட்களிடம் விட்டார். திரும்பி வந்து பிரிஸ்காவின் முன்னால் நின்றார். "புள்ள, நீ மரத்தக் காப்பாத்தல. என் கையக் காப்பாத்தினே" என்றார். வெட்டிய ஒவ்வொரு அடிமரத்துக்குப் பக்கத்திலும் ஒரு நெற்றுத் தேங்காயை அவரே நட்டார். சண்டை தீர்ந்து பிறந்த பையனுக்கு சிலாஸ் அவர் பெயரையே வைத்தான்.

சிலாஸின் நன்றி வியாதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வருஷத்துக்கொரு பன்றியைக் கட்டிக்கொண்டு சாவோவுக்குப் போவான். அங்கே அவனைக் கண்டாலே சிரிப்பார்கள், இருந்தாலும் பன்றியை வாங்கிக்கொள்வார்கள். அந்த இரண்டு தென்னைகளை மட்டும் அவன் தன் பேரில் வைத்துக்கொள்ளவில்லை. தான் செத்தால் வெட்டிவிடுவார்களே. அதனால் ஊரில் கடைசியாகப் பிறந்த குழந்தைக்குக் கொடுத்தான். அடுத்த குழந்தை பிறந்ததும் பழைய சொந்தக்காரனிடமிருந்து வாங்கிப் புதுக் குழந்தைக்குக் கொடுப்பான். மரத்தின் சொந்தக்காரர் எப்போதும் சாவுக்கு வெகு தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அவன் கணக்கு. மூன்று வயதில் தென்னையைப் பறிகொடுத்த என் மகள் கோபத்தில் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

நாடு விடுதலை பெற்ற மறு வருஷம் சிலாஸ் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தான். அவனுடைய தாய்மாமன்கள் யாரும் உயிரோடு இல்லாததால் கோடாலி இப்போது அவன் அக்கா மகன் லெனார்டிடம் இருந்தது. மத்தியானம் அடக்கம் முடிந்ததும் அவன் கரைக்கு வந்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மற்ற மரங்களை வெட்டிவிட்டு முனைத் தென்னையின் முன்னால் நின்றான்.

"இது குழந்தையோடது" என்றேன்.

"குடுத்தவரே போயிட்டாரு மாமா. செத்தவர் குடுத்தது செல்லுமா?" என்றான். அவனும் மாமனுக்குச் செய்யவேண்டியதைக் குறையில்லாமல் செய்ய நினைத்தான், தப்பு சொல்ல முடியாது.

பிரிஸ்கா வீட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். அறுபதை நெருங்கியவள், முழங்கால் வலி. மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இடுப்புத் துணியின் முடிச்சில் கை வைத்தாள்.

"லெனார்டு, ஏறவா? கால் வலிக்குது, ஆனா ஏறிடுவேன்."

துக்க வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லெனார்டும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் விலகினான். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"சின்ன டட்லி ஹோனியாரா டவுன்ல இருந்து கெளம்பியாச்சு" என்றாள். "அப்பாவக் கடைசியா ஒரு தரம் பாக்க. அடக்கம் முடிஞ்சது அவனுக்குத் தெரியாது. இருட்டுறதுக்குள்ள வந்துடுவான். அவனுக்கு வழி வேணும்."

லெனார்ட் கோடாலியை மணலில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். பொழுது சாய்கிற நேரத்தில் பாறைக்கு வெளியே ஒரு படகு தெரிந்தது. அது கொஞ்சம் வடக்கே போய், நின்று, திரும்பி, இரண்டு தென்னைகளும் ஒன்றாகிற இடத்தில் மூக்கை நேராக்கி உள்ளே வந்தது. சின்ன டட்லி தண்ணீரில் குதித்து ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

நான் எழுந்து முனைத் தென்னையின் பக்கம் போனேன். அடிமரத்தில் கை வைத்து, யாருக்கும் கேட்காமல், நன்றி சொன்னேன்.