எண்ணெய்ச் சட்டியை மூடியவன் நான்

தங்கை கணவரின் கார் எஞ்சின் நெடுஞ்சாலையில் இறுகி நின்றதற்கு அண்ணன் காரணமல்லர், நான்தான். அண்ணனின் இந்த நினைவு மலரைப் படிக்கும் உறவினர்களில் சிலர், அண்ணனின் வேலை சரியில்லை என்று அந்நாளில் பேசினீர்கள். நான் அருகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே அண்ணனின் வாழ்க்கையை எழுதுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தார். அப்பா மறைந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. பள்ளியை விட்டுவிட்டுக் கிள்ளானில் ஒரு சீனரின் கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தார். தங்கையும் நானும் படித்தோம். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். அண்ணன் பின்னாளில் சொந்த ஒர்க்‌ஷாப் வைத்தார். காருக்குள் சாமி படம் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்.

ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமைகளில் அங்கே போவேன். சும்மா இருக்க முடியாமல் எதிலாவது கை வைப்பேன்.

"வாத்தியார் தொட்டா வண்டிக்கும் பரீட்சை பயம் வந்துரும்லா" என்று அண்ணன் சிரிப்பார்.

அப்படியொரு சனிக்கிழமை தங்கை கணவரின் கார் வந்தது. எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்ச் சட்டியின் ஓரத்தில் கசிவு. அந்த வண்டிக்குக் கசிவை அடைக்கும் கேஸ்கெட் கிடையாது; குழாயிலிருந்து பிதுக்கும் பசைதான். அண்ணன் சட்டியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டித் துடைத்து வைத்தார். அதற்குள், வழியில் நின்றுபோன ஒரு லோரியைப் பார்க்கத் தெலுக் பங்லிமா காராங் போக வேண்டி வந்தது.

"தொடாத தம்பி, நான் வந்து போடுறேன். மீஹூன் கனம்தான் போடணும். கூடிச்சுன்னா ஆபத்து."

நான் தொட்டேன். சேமியா இழை போன்ற அந்த மீஹூன் கனம் எனக்குப் போதாதென்று தோன்றியது. கசியவே கூடாது என்று விரல் கனத்துக்குப் பிதுக்கி, சட்டியை ஏற்றி, போல்ட்டுகளை முறுக்கினேன். வெளியே பிதுங்கியதைத் துணியால் சுத்தமாகத் துடைத்தேன். உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும் என்று நினைக்கவில்லை.

திரும்பி வந்த அண்ணன் குனிந்து பார்த்தார். "எவ்ளோ போட்ட?"

"நீங்க சொன்ன மாதிரிதாண்ணே. மீஹூன் கனம்."

சொன்னவன் நான் என்பதால் அவர் மறுபடி கழற்றிப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துச் சுபாங் ஜெயா அருகே எஞ்சின் இறுகியது. பின்னால் வந்த லோரி மயிரிழையில் விலகிப் போயிற்று. காரில் தங்கையும் இரண்டு மகள்களும் இருந்தார்கள். வண்டியைக் கிள்ளானுக்கு இழுத்து வந்தபின், எங்கள் முன்னிலையில் அண்ணன் சட்டியைத் திறந்தார். உள்ளே பிதுங்கிய பசை துண்டு துண்டாக உடைந்து, எண்ணெயை உறிஞ்சும் வலையை அடைத்திருந்தது. குறட்டால் ஒரு துண்டை இழுத்தார். விரல் கனம். என்னை ஒருமுறை பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை.

"என் கடையில செஞ்ச வேலை மச்சான். தப்பு என்னோடதுதான்" என்றார்.

"உங்க தங்கச்சிய பொணமா பார்த்திருப்பீங்க! இனிமே என் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றார் தங்கை கணவர்.

அண்ணன் வேறு எஞ்சின் மாற்றிக் கொடுத்தார். உறவு திரும்பவில்லை. அடுத்த ஆண்டு தங்கையின் மூத்த மகளுக்குத் திருமணம். தாய்மாமன் மாலையிட்டு மணப்பெண்ணை மணவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அண்ணன் கிள்ளானில் வீட்டிலிருக்க, அந்த மாலையை நான் போட்டேன். எஞ்சினைக் கெடுத்ததைவிட இது பெரிய குற்றம்.

ஆறு ஆண்டுகள் கழித்து இளையவள் திருமணத்துக்கும் என்னையே கேட்டார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர்கள் வீட்டில் தாம்பூலத் தட்டு என் முன்னால் இருந்தது. அதை எடுக்காமல், நடந்ததைச் சொன்னேன்.

தங்கை கணவர் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "பொய் சொன்னதுக்கு எத்தனை பிள்ளைங்கள அடிச்சிருப்பீங்க, சார்?" என்றார். தங்கை அழுதுகொண்டே கார்ச் சாவியை எடுத்தாள். அன்றே மூவரும் கிள்ளானுக்குப் போனோம்.

வாசலில் நின்ற அண்ணனிடம், "மச்சான், சின்னவளுக்கு நீங்கதான் மாலை போடணும்" என்றார் தங்கை கணவர்.

"மொதல்ல உள்ள வாங்க. சாப்டீங்களா?" என்றார் அண்ணன்.

பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: "எஞ்சினுக்கு எனக்குக் கோவமில்லடா. பெரியவளுக்கு நீ மாலை போட்டியே, அதான் தாங்கல." மன்னிப்புக் கேட்டேன். அவர் மச்சானுக்குச் சாப்பாடு போட உள்ளே போய்விட்டார்.

இளையவள் திருமணத்தில் அண்ணன் மாலையிட்டார். அடுத்த ஞாயிறு மூத்தவள், கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும், ஒரு ரோஜா மாலையோடும் அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, எனக்கும் போட்டு விடுங்க."

"ரெண்டு புள்ள பெத்துட்ட. இப்ப உன்ன எங்க கூட்டிட்டுப் போறது?"

"சமையக்கட்டு வரைக்கும் போதும். அத்தை தோசை சுடுறாங்க."

மாலையிட்டு, கைப்பிடித்து அழைத்துச் சென்றார். கடந்து போகையில், அங்கே ஓரமாக நின்ற என்னைப் பார்த்து, "என்னடா நிக்கிற? உனக்குத் தனியா பத்திரிகை வைக்கணுமா? வா" என்றார்.

பின்னர் சிறுநீரகம் பழுதானபோது, இரண்டு ஆண்டுகள், வாரம் மூன்று முறை அண்ணனை டயாலிசிஸுக்குத் தம் காரில் அழைத்துச் சென்றவர் தங்கை கணவர். அவருக்கும், உடனிருந்த அண்ணியாருக்கும், தாதியருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் தம் தங்கையின் கையைப் பிடித்தபடி கண்மூடினார். அதனால்தான் இதை என்னால் எழுத முடிகிறது.