தந்தியை வாங்கிப் படித்த சாந்தா அக்கா

சாந்தா அக்கா காஞ்சிபுரத்தில் காலமான செய்தி எனக்குத் தந்தியாக வந்தது. வாசலில் சைக்கிள் மணி கேட்டதுமே நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். இந்தப் பயம் எனக்கு எங்கே ஒட்டியது என்று, உத்திரமேரூர் பட்டாளத்து லைனில் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

ராணுவக் குடும்பங்கள் குடியிருந்த வரிசை வீடுகள் அவை. எல்லாரும் காலி செய்து போன பிறகு, அடுப்பும் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் கலையாமல் காட்சியகமாக வைத்திருந்தார்கள். நான் சுற்றிக் காட்டுகிறவள். வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்காமல் நழுவுகிறார்கள் என்று ஆராய வந்தவர் அக்கா. வந்த அன்றே, "வாய் சொல்றத எழுதிக்கோ. ஆனா கால் எங்க நிக்குதுன்னு பாரு" என்றார். பார்க்க வந்தவர்கள் விஷயத்தில் தலையிடவே கூடாது என்பது அவர் கண்டிப்பு. ஒருமுறை நடுவில் வாய் கொடுத்துவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

நாங்கள் திறந்து வைத்த கதவுகள் அடிக்கடி சாத்திக் கிடந்தன. காற்று என்று நினைத்துச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். செங்கல்லையும் யாரோ நகர்த்தினார்கள். காவலாளிதான் பாவம், திட்டு வாங்கினார். அக்கா மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். டீக்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம், முன்பு அங்கே குடியிருந்து இப்போது பார்க்க வந்த பெண்கள், கைக்கெட்டிய கதவைச் சாத்தினார்கள். திருமுக்கூடலிலிருந்து வந்த ஓர் அம்மாளிடம் அக்கா மெல்லக் கேட்டார்.

"தெறந்து கீற வூட்டுக்குத்தான் சாவுத் தந்தி வரும்னு சாத்திக்குவோம்மா. இப்பவும் கை தானா போவுது" என்றார் அந்த அம்மாள்.

என் வீட்டுக்காரர் எல்லையில் இருந்தார். கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது. அன்றிலிருந்து மணி கேட்டால் நானும் சாத்த ஆரம்பித்தேன்.

ஒரு மத்தியானம், டீக்காரர் வராத வேளையில் மணி கேட்டது. எட்டிப் பார்த்தேன், தந்தி ஆள். என் பெயரைச் சொல்லி விசாரித்தார். பக்கத்திலிருந்த வீட்டுக்குள் ஓடித் தாழிட்டு, அடுப்பு மேடையோரம் ஒண்டிக்கொண்டேன். வரிசை நெடுக மற்ற கதவுகளையும் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் செருப்புச் சத்தம். தலையிடக் கூடாது என்று பாடம் எடுத்தவர், தானே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் படித்துவிட்டு, கதவருகே வந்து நின்றார்.

"தொறடி. லீவுல வராரு. நல்லா கீறாரு."

திறந்தேன். தந்தியைப் பிடித்திருந்த அவர் கை உதறிக்கொண்டிருந்தது. "பிரிக்கிறதுக்குள்ள எனக்கு உசிரே இல்ல. அதுக்குன்னு உன்ன ஒண்டியா படிக்க வுட முடியுமா?" என்றார்.

வீட்டுக்காரர் இன்னும் எல்லையில்தான் இருக்கிறார். இந்த முறை கதவுக்கு வெளியே முதலில் படித்துச் சொல்ல யாருமில்லை. தந்தி ஆள் வெகுநேரம் தட்டிய பிறகு தாழ்ப்பாளை நீக்கினேன். தந்தியில் வீட்டுக்காரர் பெயர் இல்லை என்று பார்த்ததும் மூச்சு வந்தது. அடுத்த நொடி அக்காவின் பெயரைப் பார்த்தேன். உட்கார்ந்து அழுதேன்.

அக்காவிடமிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். கை உதற உதறவே கதவைத் திறக்கலாம் என்பதைத்தான் எடுத்துக்கொண்டேன்.