பிச்சிக்கொடியும் பொதுப் பூனைகளும்

எனக்குப் பூனைகளைப் பிடிக்காது. நாய்களை ஓரளவு பொறுத்துக்கொள்வேன். நாய் அசிங்கம் பண்ணினால் தெருவில் பண்ணும், கல்லுக்குக் குனிந்தாலே ஓடிவிடும். பூனைக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. குனிந்தால் நின்று பார்க்கும். எறிந்தால், எறிந்தது யார் என்று பார்க்கும். பிறகு எந்த அவசரமும் இல்லாமல் சுவர் மேல் நடந்து போகும். பூனை சுத்தமான பிராணி, தன் கழிவைத் தானே மண் போட்டு மூடிவிடும் என்று பாராட்டுகிறவர்களிடம் நான் ஒன்று மட்டும் கேட்பேன். யார் வீட்டு மண்ணை?

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் ஓடும் ஒரு தெருவின் கடைசி வீடு எங்களுடையது. பகலெல்லாம் தறிச் சத்தம். புதிதாக வருகிறவர்களுக்குப் பேசுவது காதில் விழாது. எங்களுக்கு அது நின்றால்தான் தலை வலிக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதில் ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி, கம்பிப் பந்தலில் ஏற்றிவிட்ட ஒரு பிச்சிக்கொடி. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊராரின் வரப்புத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவன். என்னுடைய சொந்த எல்லைக்குள் தினமும் அத்துமீறல் நடந்தது, என்னால் ஒரு மயிரும் பிடுங்க முடியவில்லை.

பிச்சிக்கொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து என் மனைவி, எங்கள் ஊர் கோமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் எழுந்து நடந்தால், என் ஆயுசு உள்ளவரை வெள்ளிக்கிழமைதோறும் வீட்டில் பூத்த பிச்சிப் பூவைத் தன் கையால் கட்டி அம்மனுக்குச் சாத்துவதாக. நான் எழுந்து நடந்தேன். அதற்கு டாக்டரும் மாத்திரைகளும் காரணம் என்பது என் கருத்து. அதை அவளிடம் சொல்லுகிற தைரியம் எனக்கு இல்லை. பூ தவறினால் நான் தவறிவிடுவேன் என்பது அவள் மனதில் விழுந்துவிட்ட முடிச்சு. கடையில் வாங்கிச் சாத்தலாமே என்றால், நேர்ந்தது வீட்டுப் பூ என்பாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மொட்டுப் பறிக்க வெறுங்காலோடு பந்தலுக்குக் கீழே போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். காலில் பூனை அசிங்கம். கொடியின் தூர் மண்ணைத் தோண்டி, வெளிக்கு இருந்துவிட்டு, மூடியும் மூடாமலும் போயிருந்தது. அவள் தலைக்குக் குளித்தாள். பறித்த மொட்டுகளைக் குப்பையில் கொட்டினாள். சேலையை நனைத்துப் போட்டாள்.

"எருவும் சாணிதானே. போன மாசம் நீதான ஒரு கூடை போட்ட" என்றேன்.

"மாட்டுச் சாணியும் பூனைப் பீயும் ஒண்ணா? பேசுததுக்கு ஒரு அளவு வேண்டாமா?"

அந்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பூ போகவில்லை. அன்று முழுவதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வந்தாள். மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தேன். விழித்தபோது என் நெஞ்சின் மேல் அவள் கை இருந்தது. தூங்குகிற ஆளின் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது எப்படியிருக்கும் என்று பூனை வளர்க்கிறவர்களுக்கு ஒருநாள் காட்ட வேண்டும்.

வளர்க்கிறவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை முட்டி போட வைத்தவர், ஓய்வு பெற்றதும் பூனைகளுக்குத் தாயாகிவிட்டார். காலையில் மீன்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் இவர் சட்டியோடு வாசலுக்கு வருவார். மீன் தலை, செவுள், குடல் எல்லாம் வாங்கி, வேகவைத்து, சோற்றில் பிசைந்து, சுவரோரம் வரிசையாகத் தட்டு வைப்பார். தின்று முடித்ததும் அவை நேராக எங்கள் சுவர் ஏறும்.

நான் போய்க் கேட்டேன்.

"டீச்சர், உங்க பூனைக எங்க தோட்டத்துல பண்ணுத அசிங்கத்த ஒருக்கா வந்து பாருங்க."

"அது எம் பூனை இல்ல அண்ணாச்சி. நான் சோறு வைக்கேன், அவ்வளவுதான். அது எல்லாத்துக்கும் பொதுவான பூனை."

"திங்கது மட்டும் உங்க வீட்ல, மத்ததெல்லாம் எங்க வீட்லயா? அதையும் பொதுவா பிரிச்சுக்கிடுவோமே."

"வாயில்லா ஜீவன் கிட்ட போயி சண்ட போடுதீங்களே."

"நான் உங்க கிட்டதான் சண்ட போடுதேன்."

அதோடு அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். ஒரே தெருவில், ஒரே சுவரின் இரு பக்கத்தில், எதிரெதிரே நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. இந்த முடிவு பிற்பாடு எனக்கே வினையாகும் என்று அப்போது தெரியவில்லை.

பேச்சு நின்றதும் நானே களத்தில் இறங்கினேன். டீக்கடையில் ஒருவர் நீலம் கரைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றிக் கட்டினால் எந்தப் பிராணியும் அண்டாது என்றார். தெருவில் பல வீட்டு வாசலில் தொங்குகிறதுதான். பந்தலைச் சுற்றிக் கட்டினேன். ஒரு சாம்பல் கடுவன் பூனை, அந்தப் பாட்டிலிலேயே முதுகைச் சொறிந்துவிட்டு, அதன் மேலேயே பீய்ச்சிவிட்டுப் போயிற்று. ஆரஞ்சுத் தோல் போட்டேன். எறும்பு வந்தது. மிளகாய்ப்பொடி தூவினேன். காற்று திரும்பி அடித்ததில் என் கண்தான் எரிந்தது. டீச்சர் சுவருக்கு அப்பால் துணி காயப்போட்டுக்கொண்டு நான் முகம் கழுவுவதைப் பார்த்தார். ரசகற்பூர உருண்டை போட்டதில் என் மனைவிக்குத்தான் தலைசுற்றல் வந்தது. இதற்கிடையில் பாதி வெள்ளிக்கிழமைகளில் பூ போயிற்று, பாதியில் போகவில்லை. போகாத வாரங்களில் அவள் சாப்பாட்டைக் கோழி கொத்துவதுபோல் கொத்திவிட்டு எழுந்துவிடுவாள்.

பூனை பொலபொலப்பான மண்ணைத்தான் தேடும் என்று எனக்கு உறைக்கவே நாளாயிற்று. கொடிக்கு நல்லது என்று நான்தான் தூரைக் கொத்திக் கொத்தி மாவாக்கி வைத்திருந்தேன். அதற்கு மெத்தை விரித்துக் கொடுத்தவனே நான்தான்.

ராயகிரிப் பக்கம் தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு வண்டிச் செம்மண் கொண்டுவந்து இறக்கினேன். பூனைகளுக்கு ரொம்பப் பிடித்த அந்த மூலையில், பந்தல் காலை ஒட்டி, மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் குவித்தேன். தட்டித் தட்டி இறுக்கினேன். நகம் போனால் உடைய வேண்டும், அந்தக் கெட்டி. ஈரம் காய்வதற்குள் விரல் கனத்தில் உடைமுள் கிளைகளை வெட்டிக் குவியல் முழுக்கக் குத்தி வைத்தேன். இடுப்பு உயரத்துக்கு ஒரு கோட்டை. டாக்டர் கனமான வேலை செய்யக் கூடாது என்றிருந்தார். என் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று பக்கத்திலேயே நின்றாள். எனக்கு இருந்த கோபத்தில் கனமே தெரியவில்லை.

பூனைகள் ஒரு வாரம் வரவில்லை. என் வாழ்க்கையில் ஆபீஸ் பதவி உயர்வுக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆனால் பூப்பறிக்கப் போன என் மனைவியின் கையை முள் கிழித்தது. மண் கெட்டியாகிவிட்டதே, இனி முள் எதற்கு என்று கிளைகளை உருவிவிட்டேன். அவள் தன் பங்குக்கு, பட்ட அசிங்கமெல்லாம் போகட்டும் என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அன்று சாயங்காலம் ஒரு மழையும் பெய்து குவியலின் முனைகளை மழுப்பிவிட்டது.

மறுநாள் காலையில் நான் அதைப் பார்த்தபோது எனக்கு அது பூனைக்குக் கட்டிய மண்குவியலாகத்தான் தெரிந்தது. டீச்சர் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. சுவருக்கு மேலே அவர் தலை தெரிந்தது. செக்கச்செவேல் என்று கூம்பாக ஒரு மண்மேடு, உடம்பெல்லாம் துவாரம், மேலே மஞ்சள். கோவிலில் புற்று மண்ணை நெற்றியில் பூசி, காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய், குழந்தைக்குக் கட்டி வந்தால் அதைத்தான் குழைத்துப் போடுகிற ஊர் இது. அவர் குனிந்து செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல புத்து வளந்திருக்கு பாத்தீங்களா?"

நான் அவரோடு பேசுவதில்லை அல்லவா. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். வீம்பு விடவில்லை. நான் பேச்சற்றுப் போனதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு, அந்த அம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். கல்நெஞ்சுக்காரர் அண்ணாச்சியே வாயடைத்துப் போய்விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை பெண்கள் வந்தார்கள். முன்னால் டீச்சர், கையில் பால் சொம்பு. வாசலில் நின்று என் மனைவியிடம் அனுமதி கேட்டார்கள். இவள் ஏதாவது சொல்வாள் என்று நான் உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "வாங்க" என்றாள், அவ்வளவுதான். பாலை ஊற்றினார்கள், முட்டை வைத்தார்கள், குங்குமம் இட்டார்கள். அவர்கள் வெளியே போகவும் பூனைகள் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

டீச்சர் வீட்டுப் பூனைகள் மட்டும் வந்தாலாவது போகட்டும் என்றிருக்கலாம். பஸ் ஸ்டாண்டிலிருந்துகூட வந்திருக்கும் போல. இதுவரை முகம் பார்க்காத பூனையெல்லாம் வந்தது. பாலை நக்கி, முட்டையை உடைத்து, சண்டை போட்டு, பக்கத்திலேயே எல்லாக் காரியத்தையும் முடித்தது. அதன் பிறகு செவ்வாய் தவறாமல் பெண்கள் வந்தார்கள். நான் கம்பை எடுத்தால் அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை தாங்க முடியவில்லை. டீச்சர் எல்லார் முன்னாலும் அழுத்தமாகச் சொன்னார்.

"அம்மன் இருக்க எடம் அண்ணாச்சி. அவ பாலக் குடிக்க வருத ஜீவனுக்கு ஏது தீட்டு? அங்கன பூக்குத பூவுக்கும் கிடையாது."

என் தோட்டத்தில் நின்று எனக்கே சட்டம் சொல்கிறார். கொதித்தது. அந்த வியாழக்கிழமை ராத்திரி என் மனைவியிடம், "நீயாவது உண்மையச் சொல்லக் கூடாதா" என்று சத்தம் போட்டேன். அவள் மடியில் வாழைநாரை வைத்துப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் பெண்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க வெட்கப்படுகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மூன்று வாரம் பல்லைக் கடித்தேன். ஒரு காலையில் போய்ப் பார்த்தால், என் குவியலின் உச்சியிலேயே, குங்குமத்துக்கு மேலேயே, அந்தச் சாம்பல் கடுவன் அசிங்கம் பண்ணிவிட்டு முட்டை ஓட்டை நக்கிக்கொண்டிருந்தது. நேராகப் போய் மண்வெட்டியை எடுத்து வந்தேன். சாமியாவது பூதமாவது, இன்றைக்கு இது தரைமட்டம் என்று ஓங்கிய நேரத்தில் என் மனைவி வந்தாள். தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன பண்ணுதீங்க?"

"பாத்தா தெரியலையா? நான் வச்ச மண்ணு, நானே எடுக்கேன்."

"எடுங்க. வெள்ளிக்கிழமை பூவுக்கு என்ன பண்ணணும்னு சொல்லிட்டு எடுங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"புத்துப் பக்கத்துல பூத்தா தீட்டில்லன்னு ஊரே சொல்லுது. ஊரே சொன்ன பொறவு அம்மன் மாட்டேன்னா சொல்லப் போறா? இப்பம் ஒரு வாரங்கூட விடாம பூ போகுதுல்லா."

"அது புத்தே இல்லன்னு உனக்குத் தெரியும்லா. நான் கொட்டும்போது நீ பக்கத்துலதான நின்ன."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரியும்." பந்தலில் ஒரு மொட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு ஆம்புலன்ஸ்ல உங்க கை சில்லுன்னு ஆயிட்டு. நீங்க அறிய மாட்டீங்க. திருநெல்வேலி வரைக்கும் நான்தான் புடிச்சிக்கிட்டு வந்தேன்" என்றாள்.

அவள் உள்ளே போய்விட்டாள். தறிகள் ஓடத் தொடங்கியிருந்தன. கடுவன் சுவர் மேல் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் மேல் எனக்கு இருந்த வெறுப்பு இம்மியும் குறையவில்லை, இன்றுவரை குறையவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, அது அசிங்கம் பண்ணிய இடத்தை வழித்துக் கழுவினேன். பிறகு மிச்சமிருந்த செம்மண்ணைக் குழைத்து, மழையில் கரைந்து போயிருந்த பக்கத்தில் அப்பி, கையால் தட்டித் தட்டிக் கெட்டியாக்கினேன்.