மேஸ்திரிக்கு மாற்று ஆள்

பதினான்கு வருஷமாகியும் மேஸ்திரியை வெளியே விடாததற்குக் காரணம் அவன் செய்த கொலை இல்லை. அவன் வைத்த பருப்பு. சொன்னால் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, கோர்ட்டிலும் என்னை யாரும் நம்பவில்லை.

வெளியே அவன் கட்டட மேஸ்திரி. வேலை நடந்த இடத்தில் காண்ட்ராக்டரோடு வாய்ச் சண்டை, ஒரு தள்ளு. தள்ளியது ஒரே தடவைதான். காண்ட்ராக்டர் இரண்டாம் மாடியில் நின்றிருந்தார், அதுதான் வினையாகிவிட்டது. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அவன் உள்ளே வந்த மூன்றாம் வருஷம் பழைய சமையல்காரன் விடுதலையானான். அவன் சமைத்த லட்சணத்துக்கு அவனைப் பிடித்து வைத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. "சிமெண்டு கலக்கறவன்தானே, இதையும் கலக்கட்டும்" என்று மேஸ்திரியை அடுப்படிக்கு அனுப்பினார்கள்.

அவனும் கலவை போடுகிற மாதிரியே போட்டான். இத்தனை படி பருப்புக்கு இத்தனை குடம் தண்ணீர், இத்தனை கரண்டி உப்பு. இம்மி பிசகமாட்டான். அதற்கு முன்னால் மாதம் ஒரு நாளாவது சாப்பாட்டுத் தட்டு பறக்கும், மண்டை உடையும். அவன் கை வைத்த பிறகு பதினோரு வருஷத்தில் ஒரு தட்டு பறக்கவில்லை. அமைதியான சிறை என்று சூப்பிரண்டுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேஸ்திரிக்குப் புதுக் கரண்டி ஒன்று கிடைத்தது.

தினமும் பதினோரு மணிக்கு ஒரு தட்டில் அன்றைய சாப்பாடு, மேலே துணி போட்டு மூடி, சூப்பிரண்டு மேசைக்குப் போகும். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் எங்களுக்குப் பரிமாறலாம். பழைய நாளில் அந்த இரண்டு வாயை முழுங்க மனிதர் படாத பாடு படுவார். மேஸ்திரி வந்ததும் தட்டு காலியாகத் திரும்பி வந்தது. அப்புறம் அவர் வீட்டிலிருந்து டிபன் கேரியர் வருவதே நின்றது. அதைப் பார்த்ததும், இனி இவனை லேசில் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

யாரை விடலாம் என்று முடிவு செய்ய வருஷத்துக்கு இரண்டு தடவை போர்டு உட்காரும். சூப்பிரண்டு எழுதும் அறிக்கையைத்தான் அவர்கள் படிப்பார்கள். மேஸ்திரியைப் பற்றி அவர் மனதார நல்லதுதான் எழுதுவார். ஒழுக்கமானவர், உழைப்பாளி, இவரது சேவை இந்தச் சிறைக்கு இன்றியமையாதது. போர்டும் படித்துவிட்டு, இன்றியமையாதவர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று போய்விடும். இப்படி மூன்று தடவை ஆயிற்று.

நான் அவனுக்குக் காய் நறுக்கிக் கொடுக்கிறவன். ஒரே செல். அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன். வெளியே லிஃப்ட் ரிப்பேர் பார்த்தேன். பெரியப்பா மகனோடு ஒரு சுவர் விஷயமாகப் பேச்சு வளர்ந்தபோது கையில் ஸ்பேனர் இருந்து தொலைத்தது. என் கதையை விடுங்கள்.

"ஒரு வாரம் கெடுத்து வையி, மேஸ்திரி. அவங்களே கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுவாங்க" என்றேன்.

"அறுநூறு பேர் என்ன பாவம் பண்ணாங்கண்ணே?"

"பண்ணித்தானேடா உள்ள இருக்கானுங்க."

சிரித்தான். மறுநாளும் ஒழுங்காகத்தான் சமைத்தான்.

அவன் மனைவி மாதம் தவறாமல் இரண்டு பஸ் மாறி வந்து கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்பாள். பதினான்காவது வருஷம் வருவது நின்றுவிட்டது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று போனில் சொன்னாள். வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள வேண்டும். பிள்ளை இல்லை. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. அன்று சாயங்காலமே மேஸ்திரி சூப்பிரண்டு முன்னால் போய் நின்றான். பாத்திரம் எடுக்கிற சாக்கில் நானும் கூடவே போனேன்.

"ஐயா, என்னைப் பத்தி நல்லா எழுதாதீங்கய்யா."

"என்னய்யா, பொய் எழுதச் சொல்றியா?"

மனைவியைப் பற்றிச் சொன்னான். சூப்பிரண்டு கெட்டவர் இல்லை, சாப்பாட்டுப் பிரியர், அவ்வளவுதான். கேடயத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "உன் இடத்துக்கு ஒரு ஆளைத் தயார் பண்ணு. அவன் சமைச்சத நான் சாப்பிட்டுப் பார்க்கிறேன். சரியா இருந்தா உன்னை விடலாம்னு எழுதித் தர்றேன்" என்றார்.

மேஸ்திரி என்னைக் கைகாட்டினான். "அண்ணன் மெக்கானிக்குங்கய்யா. அளவுன்னா தெரியும்."

மூன்று மாதம் என்னை வறுத்தெடுத்தான். விடிகாலை நாலு மணிக்குச் செல்லைத் திறந்தால் நேராக அடுப்படிதான். "அண்டா முன்னாடி நின்னு யோசிக்காதீங்க, அடிபிடிக்கும்" என்பான். "உன் வயசுக்கு என்னை வெரட்டுற பாரு" என்று கத்துவேன். "வயசு பருப்புக்குத் தெரியாதுண்ணே" என்பான். தலையில் அடித்துக்கொள்வேன். ஆனால் வந்துவிட்டது. பரீட்சை நாளுக்கு முந்தின வாரம் நான் வைத்ததை அவன் வைத்ததாக நினைத்து ஆறு நாளும் அறுநூறு பேர் சாப்பிட்டார்கள். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் மகன்கள் இரண்டு பேரும் என்னைப் பார்க்க வந்து ஒன்பது வருஷம். இந்தச் சுவருக்குள்ளே என்னை அண்ணே என்று கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். அவன் போய்விட்டால் அந்தச் செல்லில் நான் யாரோடு பேசுவேன்? பரீட்சை அன்றைக்குக் காலையில் அவன் அரிசி வாங்க ஸ்டோருக்குப் போன நேரம் அண்டாவில் மூன்று கரண்டி உப்பு அதிகம் போட்டேன். கை தவறவில்லை. எண்ணித்தான் போட்டேன்.

சூப்பிரண்டு ஒரு வாய் வைத்ததும் தண்ணீர்க் கூஜாவைத் தேடினார். "இவனா மாத்து ஆளு?" என்று தட்டைத் தள்ளிவிட்டார். அறிக்கையில் பழையபடி இன்றியமையாதது ஏறியது. அடுத்த போர்டு ஆறு மாதம் கழித்து. மேஸ்திரி அண்டாவுக்குள் இன்னும் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, உருளைக்கிழங்கு அள்ளிப் போட்டு, அறுநூறு பேருக்கும் சாப்பிடுகிற மாதிரி ஆக்கிவிட்டான். மறுநாள் நாலு மணிக்கு, "வாங்க, முதல்லேர்ந்து பார்ப்போம்" என்றான்.

அந்த ஆறு மாதமும் வாரம் ஒரு நாள் அவன் வீட்டுக்குப் போன் பேசுவான். அடுத்த போனில் மகனைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன். என் மகன் எடுக்கமாட்டான், அதனால் இவன் பேசுவது அத்தனையும் காதில் விழும். "பக்கத்து வீட்டு அக்கா வரலன்னா ஆட்டோக்காரர்கிட்ட சொல்லு... படியில மெதுவா எறங்கு... விழுந்தியா? எப்ப? ஏன் சொல்லல?" என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அதன் பிறகு போன் பேசப் போவதையே விட்டுவிட்டேன்.

இரண்டாவது பரீட்சையில் ஒழுங்காகச் சமைத்தேன். தட்டு காலியாகத் திரும்பி வந்தது. போர்டு அவனை விட்டது.

போகிற அன்று காலையில் செல்லில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். இதற்குமேல் வாயை அடக்க முடியவில்லை.

"மேஸ்திரி, அன்னிக்கு உப்பு... நான் வேணும்னேதான் போட்டேன்."

"தெரியும்ணே. தட்டு திரும்பி வந்ததும் ஒரு வாய் வச்சுப் பார்த்தேன். மூணு கரண்டி. கை தவறினா அவ்வளவு விழாது."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடுவாங்க. அவனுக்கு நான் மறுபடி அ, ஆவிலேர்ந்து ஆரம்பிக்கணும். அளவு தெரியாதவனுக்கு ஒரு வருஷம் ஆகும். அவ்வளவு நாள் அவகிட்ட இல்ல."

அவன் சொன்னதில் கோபம் இல்லை. கணக்காகச் சொன்னான். நாலு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"என்னை மன்னிச்சிருடா" என்றேன்.

"ஆறு மாசம் அவ தனியா போயிட்டு வந்தாண்ணே. ரெண்டு தடவ விழுந்தா" என்றான். மூட்டையை முடிந்து தோளில் போட்டுக்கொண்டான்.

வெளியே வார்டர் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "லெட்டராவது போடுவியா? அவங்க எப்படி இருக்காங்கன்னு ஒரு வரி?"

"மாட்டேண்ணே" என்றான்.

அண்ணே என்றுதான் சொன்னான். சொன்ன சொல் மாறாதவன். நாலு வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.