பேசப் பழகியவள்

கலவரம் ஓய்ந்த மறு வருஷம், கோவில்பட்டியில் ஒரு சின்னப் பெண்கள் அமைப்பில் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். புதூர் பக்கம் ஒன்றோடொன்று மோதி வெட்டுக்குத்தில் சிதைந்த இரண்டு ஊர்களிலிருந்து பெண்களை வரவழைத்து, மனதில் இருப்பதைப் பேச வைப்போம். அதிகாரிகள் முன்னால் நின்று கேட்கவும் பழக்குவோம். வாடகைக் கூடத்தில் அவர்கள் ஊர்வாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் ஆள் நடக்கிற அளவு இடைவெளி கிடக்கும்.

அதில் ஒருத்தியின் புருஷனைப் பருத்திக்காட்டில் வைத்து வெட்டியிருந்தார்கள். பல வாரம் அவள் வாயே திறக்கவில்லை. ஒரு நாள் தானாகவே எழுந்தாள். "அவிய செத்த அன்னைக்குக்கூட நான் அழல. பிள்ள பயந்துருவானேன்னு அடக்கிக்கிட்டேன்" என்றாள். அதற்கு மேல் முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அந்தக் கொலை வழக்கில் ஜெயிலில் இருந்தவன் அவளுடைய தம்பி. செம்பில் தண்ணீரை நீட்டினாள். இவள் வாங்கிக் குடித்தாள்.

கலவரத்தோடு நின்றுபோன பஸ்ஸைத் திரும்ப விடச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்தே போய் அதிகாரியிடம் கேட்டார்கள். பஸ் வந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடியது. வெட்டியவன் அக்காள் கையால் தண்ணீர் குடித்தவள் என்று ஊர்க்கூட்டத்தில் அவளை நிறுத்தினார்கள். அவள் தலையைக் குனியவில்லை. அந்தப் பொம்பளை என்ன செய்தாள், அவளோடு எனக்கென்ன பகை என்று கேட்டாளாம். மறுநாள் கொழுந்தன் வந்து அவள் மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாவைக் கொன்றவர்களோடு அம்மா சேர்ந்துகொண்டாள் என்று அங்கே பையனுக்குச் சொன்னார்கள். அவனும் நம்பினான்.

பயிற்சிக்கு அவள் வருவது நின்றது. தேடிப் போனபோது காட்டில் உளுந்துச்செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "பேசச் சொல்லிக் குடுத்தீக. பேசுனேன். இப்ப எம்மவன் எங்கிட்டப் பேச மாட்டுக்கான்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

கொழுந்தனையும் ஊர்ப் பெரியவர்களையும் போய்ப் பார்த்தேன். மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எதிர் ஊர்ப் பெண் சில வாரம் தனியாக வந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளும் வரவில்லை.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அந்தத் தாய் தெருவில் வந்து நிற்பாள் என்றும், பையன் அவளைப் பார்த்ததும் வேறு தெருவழியாகத் திரும்பிவிடுவான் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.