எஸ்தர் சுட்ட காஜா

எஸ்தர் போய்விட்டாள்.

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து அவள் மகன் பாபு போன் செய்தான். "ஆன்ட்டி... அம்மா தூக்கத்துலயே..." என்றான். 

இதைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் ஒரு சின்னப் பட்டறை. நானும் அவளும் பேக்கிங். நட்டு, போல்ட்டு, வாஷர்... எண்ணெய் பூசிப் பெட்டியில் அடுக்குவோம். செவ்வாப்பேட்டையில் ஒரே காலனி, அடுத்தடுத்த வீடு. போக வர ஒரே ரயில்.

நல்ல உயரம். குரலும் அதற்கேற்ற மாதிரி. நிற்க இடமில்லாத பெட்டியில் ஏறி, "இன்னா நைனா, கொஞ்சம் நவுந்துக்க" என்பாள். யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுவார்கள்.

திருவிழா நேரம் அது. பாபுவுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் கிடந்த பிள்ளை, முதல்முதலாக வாய் திறந்து கேட்டது காஜா.

பட்டறை விட்டதும் இரண்டு பேரும் கோயில் தெருவுக்குப் போனோம். ஆந்திராப் பக்கத்துப் பலகாரம்தான், ஆனால் எங்கள் பக்கத்துத் திருவிழாவில் அது இல்லாமல் இருக்காது. மடிப்பு மடிப்பாக, பாகு சொட்டச் சொட்ட... வாசனை முனையிலேயே வந்துவிடும்.

பலகாரக் கடைக்காரர் எங்கள் ஊர்க்காரர். எங்களை அடையாளம் தெரிந்ததுதான் வினை. முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் கையில் கொடுத்தவர், எஸ்தர் கையை நீட்டியதும் பொட்டலத்தைக் கீழே தரையில் வைத்தார். "எடுத்துக்கினு போ."

எஸ்தர் குனியவில்லை. "அவங்களுக்குக் கைல தானே குடுத்தே?"

"காலனி ஆளுங்களுக்கு இப்டித்தான். புச்சா கேக்கறே?"

"அப்போ நீயே வச்சிக்க. என் புள்ளைக்கு நானே சுட்டுக் குடுத்துக்கறேன்."

தெருவே திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டுக்கு நடந்தாள், வேகம்கூடக் கூட்டவில்லை.

ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு மெல்லக் கேட்டாள், "ஏன் விஜி... காஜா எப்டிடீ சுடறது?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்!

என் வீட்டு டால்டா, இரண்டு வீட்டு ரேஷன் சர்க்கரை, கடன் வாங்கிய மைதா. பூரிக்கட்டை கிடையாது, பாட்டிலால் தேய்த்தோம். மாவைத் துண்டு போட்டுக் கொதிக்கிற எண்ணெயில் போட்டோமா... மடிப்பெல்லாம் பிரிந்து, வெளியே கருகி, உள்ளே பச்சை மாவு.

அவள் வீட்டுக்காரர் தேவராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா எஸ்தரு, பட்டறையிலேர்ந்து துரு புடிச்ச நட்டு எடுத்தாந்து வறுக்கறியா?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறியது. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் என்னையும் இழுத்துக்கொண்டு அதே தெருவுக்குப் போனாள். அதே கடைக்கு எதிரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பலகாரம் போடுவது வெளியேதானே, ரோட்டோரம். மாவு தேய்ப்பது, டால்டாவும் அரிசி மாவும் குழைத்துத் தடவுவது, பாய் மாதிரி சுருட்டுவது, வெட்டுவது... கண் கொட்டாமல் பார்த்தாள்.

கடைக்காரருக்குத் தாங்கவில்லை. "இன்னாத்துக்கு அங்க நின்னுக்கினு மொறைக்கறே?"

"ரோட்டுல தானே நிக்கறேன். உனுக்கு இன்னா பேஜாரு?"

திரும்பி வரும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "எண்ணெ கொதிக்கக் கூடாது விஜி! சில்லுனு இருக்கும்போதே போட்டு வுடறான். அது மெதுவா மேல வருது. நாமதான் அவசரப்பட்டோம்."

பட்டறையில் லேத் ஓட்டுகிறவர் ஒரு இரும்புத் தண்டைக் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்துக் கொடுத்தார். அதுதான் அவளுடைய பூரிக்கட்டை. தூக்கினால் கை வலிக்கும். மாவு மட்டும் காகிதம் மாதிரி வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டியின் அடியிலிருந்து காஜா ஒவ்வொன்றாக, சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து வருகிற மாதிரி மேலே வந்தன. வரும்போதே மடிப்பு விரிந்தது. எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்... தெருவே ஓடி வந்துவிட்டது.

பாபு ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றுக்குக் கையை நீட்டினான். எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எண்ணெய்ச் சூடு என்றாள். இருக்கலாம்...

அப்புறம் கிறிஸ்துமஸா, யாருக்காவது கல்யாணமா, வளைகாப்பா, எங்கள் தெருவில் எஸ்தர் கை காஜாதான்.

சில வருஷம் கழித்து அந்தக் கடைக்காரரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பலகாரம் போடுகிற ஆள் திருவிழா நேரத்தில் ஓடிவிட்டானாம். "கொஞ்சம் வந்து போட்டுக் குடும்மா" என்றார். நான் அங்கேயேதான் இருந்தேன்.

எஸ்தர் அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், தொடவில்லை.

"வர்றேன்" என்றாள். "ஆனா பின்னாடி உக்காந்து சுடறதோட நிக்க மாட்டேன். முன்னாடி நின்னு, வர்றவங்க கைல நான்தான் எடுத்துக் குடுப்பேன். சரின்னா சொல்லு."

அவர் எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் அவர் கடையில் காஜா இல்லை.

"எவ்ளோ நல்ல வாய்ப்பு" என்று யாரோ இழுத்தார்கள். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

நாளை மதியம் செவ்வாப்பேட்டையில் அடக்கம். அவள் வீட்டுக்காரர் கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறதாம்.

முழங்கால் வலி பார்க்காமல் ரயிலில்தான் வருகிறேன் எஸ்தரு. போய் வாடி.